படகுக் கூரையில் வைத்த படையல்

"அம்மா, அம்மப்பா ஏன் அந்தக் குஞ்சைச் சாப்பிட்டவர்?"

என் மகள் இதைக் கேட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. அப்போது அவளுக்கு நான்கு வயது. முதல் தடவை கேட்டபோது "பிறகு சொல்லுறன்" என்றேன். இரண்டாம் தடவை பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ கேட்டபோது கத்திவிட்டேன். கத்தியதற்காக மன்னிப்புக் கேட்டேன். பதில் மட்டும் சொல்லவில்லை. பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கேள்வியைத் தானாகக் கைவிட்டால் தாய்க்கு நிம்மதியாக இருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நாங்கள் லண்டனில் ஒரு கால்வாய்ப் படகில் குடியிருக்கிறோம். பதினெட்டு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம். படுக்கை, அடுப்பு, பள்ளிக்கூடப் பை, சுவாமிப் படம் எல்லாம் ஒரே வரிசையில். ஒருவர் எழுந்து நடந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வீட்டு வாடகை எங்கள் கைக்கு எட்டாமல் போனபோது, பழைய படகொன்றைத் திருத்தி அதில் வாழலாம் என்றார் என் கணவர். அவர் பிரான்சில் வளர்ந்து இங்கே வந்தவர், மின்வேலை செய்கிறவர். எதையும் திருத்தலாம் என்று நம்புகிறவர். நான் படகு பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பயந்தேன். பிறகு சம்மதித்தேன்.

மனோர் பார்க்கில் இருக்கும் என் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"சண்டைக்குள்ளை கிளாலிக் கடலைக் கடக்கேக்கை அந்த வள்ளத்தாலை உயிரோடை இறங்கினாப் போதும் எண்டு முருகனைக் கும்பிட்டனான். நீ என்னெண்டால் குழந்தைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் ஏறி இருக்கிறன் எண்டுறாய். நான் இனி வள்ளத்திலை கால் வைக்கமாட்டன்."

எங்களைப் போல நிரந்தர இடம் இல்லாத படகுகள் ஓரிடத்தில் பதினான்கு நாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது. அது விதி. நான் விதி மீறத் தெரியாத ஆள். பள்ளிக்கூடத்தில் வரிசையில் முதலாவதாக நின்ற பழக்கம் இன்னும் போகவில்லை. பன்னிரண்டாம் நாளே கிளம்ப ஆயத்தமாகிவிடுவேன். போகும் வழியில் தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் நிறுத்தித் தாங்கியை நிரப்ப வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம். கழிவறைப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் அதற்கென்று உள்ள குழியில் கவிழ்த்துக் கழுவ வேண்டும். அடுப்புச் சாம்பல் அள்ள வேண்டும். குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் ஈரத்தைக் காலையும் மாலையும் துடைக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் மெத்தைக்கடியில் பூஞ்சணம். இவற்றையெல்லாம் நான் முறுமுறுத்துக்கொண்டு செய்வேன். ஆனால் செய்வேன்.

போன வருடம் லீ ஆற்றில் நின்றபோது, பன்னிரண்டாம் நாள் காலையில் என் கணவர் கயிறு அவிழ்க்கப் போனார். நான் இஞ்சினைப் போடப் பின்தளத்துக்குப் போனேன். மகள் என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"போட வேண்டாம் அம்மா! திருநீறு பூசின கோழி இருக்குது!"

குனிந்து பார்த்தேன். படகின் பின்புறம் சுக்கானும் அதன் பக்கத்தில் தொங்கவிட்டிருந்த ரயரும் சேருமிடத்தில் ஒரு கூடு. சுள்ளி, கோரைப்புல், சிப்ஸ் பை, ஒரு நீலப் பிளாஸ்டிக் கரண்டி, ஒரு மாதமாக நான் தேடித் திரிந்த மகளின் சிவப்புக் காலுறை. அதன்மேல் நாமக்கோழி ஒன்று குந்தியிருந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு. அலகும் நெற்றியும் மட்டும் வெள்ளை. மகள் வைத்த பெயரில் பிழையில்லை. அது எங்களைப் பார்த்த பார்வையில் பயமே இல்லை, கோபம்தான் இருந்தது. எனக்கு அதைப் பிடித்துப்போனது. அதன் அடியில் நான்கு முட்டைகள். மூன்று நாளில் ஏழானது.

"இஞ்சினைப் போட்டால் முடிஞ்சுது," என்றார் கணவர். "என்ன செய்வம்? நீர்தானே விதிக்காரி."

அன்றிரவே கால்வாய் அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். கூட்டின் நான்கு படங்களை இணைத்தேன். ஒரு வரியில் பதில் வந்தது: குஞ்சுகள் போகும்வரை நிற்கலாம். இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. கடிதத்தைத் திரும்ப எடுத்து, ஏதாவது மிகைப்படுத்திவிட்டேனா என்று வாசித்துப் பார்த்தேன்.

நிற்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. படகு அசையாவிட்டால் தண்ணீர் இல்லை. குழாய் இருபது நிமிட நடையில் இருந்தது. மகளின் தள்ளுவண்டியில் தண்ணீர்க் கான்களை ஏற்றி ஒரு நாளைக்கு இரண்டு தடவை தள்ளிக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாளுக்கு ஒருமுறை அதே வண்டியில் கழிவறைப் பெட்டி. கரைப்பாதையில் ஓடுகிறவர்களில் சிலர் வண்டிக்குள் குழந்தை இருக்கிறதென்று எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிடும். இஞ்சின் ஓடாததால் பற்றறியில் மின்சாரம் ஏறவில்லை. உடுப்பைக் கையால் தோய்த்தேன். வாத்துகள் ஜன்னலைக் கொத்தும், அன்னம் சீறும், எலி கயிற்றின் மேலே நடந்து வரும். அத்தனையையும் பொறுத்தேன். தினமும் காலையில் மகள் தளத்தில் படுத்துக்கொண்டு முட்டை எண்ணுவாள். தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாத்தன. மாறும்போது ஒன்றையொன்று ஏசுவது போலச் சத்தம் போட்டன. "உங்களைப் போலை," என்றாள் மகள்.

இருபத்தைந்து நாள் அப்படிப் போயிற்று. முதல் குஞ்சு பொரித்தபோது நாங்கள் மூவரும் பின்தளத்தில் வயிறு படப் படுத்திருந்தோம். சிவந்த மொட்டைத் தலை, கழுத்தைச் சுற்றி மஞ்சள் தூவல், அசிங்கமான அழகு. அந்த வாரத்துக்குள் ஐந்து குஞ்சுகள். இரண்டு முட்டை மிச்சம்.

அந்த வாரம்தான் என் அப்பாவின் திவசம் வந்தது.

அப்பாவின் திவசத்தை வருடா வருடம் கிங்ஸ்பரியில் அண்ணைதான் செய்வார். ஆனால் அந்த மாதம் அண்ணைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. வீட்டில் துடக்கு, அது கழியும்வரை படையல் தொடக்கூடாது. அம்மாவும் அங்கேயே குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனில் சொன்னார்:

"எடி பிள்ளை, அண்ணை செய்ய ஏலாது. நான் தொட ஏலாது. நீ கலியாணம் கட்டிப் போனவள், உனக்கு இந்தத் துடக்கு இல்லை. திவசத்தைப் பிறகு ஐயரைக் கேட்டுச் செய்வம். அண்டைக்கு நீ சமைச்சுக் காகத்துக்கு எண்டாலும் வை. அந்த மனுசன் பசியோடை திரும்பிப் போகக்கூடாது."

"படகிலை எங்கையம்மா வைக்கிறது?"

"உன்ரை படகுக்குக் கூரை இல்லையே? மழைக்குள்ளையே பிள்ளையை வைச்சிருக்கிறாய்?"

மறுக்க எனக்குத் தெரியாது. மனோர் பார்க் கடையில் வாழையிலை வாங்கினேன். வாழைக்காய், பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பாயசம், வடை. இரண்டு அடுப்பில் இத்தனையும். வடை பாதி பொரிந்தபோது காஸ் முடிந்தது. சிலிண்டர் மாற்ற முன்தளத்துக்குப் போய், அதன் நட்டை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதை மறந்து, இறுக்கி இறுக்கி அழுதேன். கணவர் வேலையில். தலை தோய்ந்து, சோறு வடித்து, படைத்து முடித்தபோது பகல் பன்னிரண்டரை.

இலையைக் கூரையில் வைத்தபோது எங்களுக்குப் பின்னால் நின்ற படகிலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே தனியாக வாழ்கிற ஆங்கிலப் பெண். ஐம்பது வயதிருக்கும், கையில் எப்போதும் கரி அழுக்கு இருக்கும். கூரையில் சாப்பாடு வைக்காதே, காகம் பழகிவிடும், கீழே குஞ்சு இருக்கிறது என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்கு அது காதில் விழுந்த விதம் வேறு. முந்தின வாரம் கரைப்பாதையில் ஒருவன் எங்கள் தாளிதத்தைப் பற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்குச் சொல்லாத பதிலெல்லாம் என் வாயில் இருந்தது. "இது எங்கள் சமயம்," என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எடுத்துப் பார்த்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா கேட்டார்: "கூப்பிட்டனியே?"

"கா… கா…" என்று மெல்லக் கூப்பிட்டேன். கரைப்பாதையில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"உது ஆருக்கடி கேக்கும்? சத்தமாக் கூப்பிடு. அந்த மனுசனுக்குக் காது கேளாதெண்டு உனக்குத் தெரியாதே?"

அப்பாவுக்கு வலது காது கேட்காது. நான் வாய்விட்டுக் கூப்பிட்டேன். ஓடிக்கொண்டிருந்த ஒருவன் நின்று திரும்பிப் பார்த்தான். மகளும் சேர்ந்து கத்தினாள். எதிர்க்கரை மரத்திலிருந்து ஒரு காகம் வந்தது. இங்கேயுள்ள காகத்துக்குக் கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது. நம்முடைய அண்டங்காகம் மாதிரி முழுக் கறுப்பு, பெரியது. கூரையின் விளிம்பில் இறங்கியது. இலையைச் சுற்றி ஒருமுறை நடந்தது. சோற்றைத் தொடவில்லை. வடையை எடுத்தது.

அப்பாவுக்கு வடைதான் முதலில் வேண்டும். எப்போதும்.

"அம்மா, வடையை எடுத்திட்டுது," என்றேன். போனில் அம்மா விம்மினார். "வந்திட்டார். அண்ணை இத்தினை வருசம் வைச்சும் ஒரு காகம் திரும்பிப் பாக்கேல்லை, அணில்தான் திண்டது. உன்ரை கையாலை வைச்சவுடனை வந்திட்டார்."

"ஆர் அம்மம்மா வந்தது?" என்று மகள் கேட்டாள்.

"உன்ரை அம்மப்பாதான், என்ரை குஞ்சு. வடிவாப் பார்."

மகள் கை காட்டினாள். நானும் அழுதேன், உண்மையைத்தானே எழுத வேண்டும். அப்பாவின் கடைசி நாட்களில் ஒரு வாய் சாப்பாடு ஊட்ட நான் பக்கத்தில் இருக்கவில்லை. இலையில் சோறு குறையக் குறைய என் நெஞ்சில் ஏதோ இறங்கியது. இன்னொரு காகமும் வந்தது. முதலாவது சாப்பிட்டு முடித்துவிட்டுக் கூரைமேல் பின்பக்கமாக நடந்தது. சுக்கானுக்கு மேலே நின்று தலையைச் சரித்துக் கீழே பார்த்தது. தண்ணீர் குடிக்கப் போகிறது என்று நினைத்தேன். அது எதைப் பார்த்தது என்று எழுந்துபோய்ப் பார்க்க நான்கு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை.

மறுநாள் மகள் கேட்டாள்: "இண்டைக்கு அம்மப்பாவுக்குப் பசிக்காதோ?" மிச்சச் சோறு இருந்தது. வைத்தேன். ஏன் வைத்தேன்? யாரும் வைக்கச் சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை, ஐயர் சொல்லவில்லை. மறுநாளும் வைக்க வேண்டுமென்று எந்த வழக்கமும் இல்லை. எனக்கு அவர் திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சோறு இல்லை. காகங்கள் வந்தன. வெறும் கூரையில் நடந்து பார்த்தன. நான் கரையில் தண்ணீர்க் கான்களை இறக்கிக்கொண்டிருந்தேன். மகள் பின்கதவில் நின்றாள். ஒரு காகம் சுக்கான் கைப்பிடியில் குந்தி, கூட்டில் இருந்த கோழியை நோக்கி இறகை விரித்தது. கோழி அதன்மேல் பாய்ந்தது. அந்த நேரத்தில் மற்றக் காகம் மறுபக்கத்தால் இறங்கி ஒரு குஞ்சைத் தூக்கியது. கண்மூடித் திறப்பதற்குள் இன்னொன்று. மகள் கத்திய சத்தத்தில் நான் கான்களை எறிந்துவிட்டு ஓடினேன். கூரையில் கிடந்த, தளம் துடைக்கும் மொப்பை எடுத்தேன். பெரிய காகம் திரும்பக் கூட்டுக்கு இறங்கிவிட்டது. எனக்கும் அதற்கும் இடையில் ஒரு கை தூரம். மொப்பை ஓங்கினேன்.

அடிக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன்? இரண்டு விநாடி இருக்கும். எனக்குப் படிப்பு இருக்கிறது. காகம் காகம்தான் என்று தெரியும். ஆனால் முந்தாநாள் அதற்குச் சோறு வைத்த கைதான் ஓங்கியிருந்தது. அது இறங்க மறுத்தது. காகம் என்னைப் பார்த்தது. மூன்றாவது குஞ்சை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனது. நிதானமாகப் போனது.

அப்போதுதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பின்படகுப் பெண் வெளியே வந்தார். "நான் சொன்னேனே" என்று அவர் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் துணி காயப்போடும் கம்பிச் சட்டத்தை எடுத்துக் கூட்டுக்கு மேலே கவிழ்த்துக் கயிற்றால் கட்டினார். கோழி அடியால் நீந்திப் போய்வர இடம் விட்டார். கடற்பறவையும் கொக்கும் பெரிய மீனும்கூடக் குஞ்சைத் தின்னும், எந்த வருடமும் ஒன்றிரண்டுக்கு மேல் தப்பாது என்றார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. மற்றவற்றையெல்லாம் நான் அப்பா என்று நினைத்துக் கூப்பிடவில்லையே.

மாலையில் கணவர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். "இயற்கை தானே," என்றார். என் முகத்தைச் சிரிக்கவைக்க நினைத்து, "மாமாவுக்குக் கோழி எண்டால் உயிர்தானே," என்றார். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதுதான் அதில் தாங்க முடியாதது. திவசத்துக்கு மரக்கறி படைக்கிறோம், அப்பா உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி இல்லாமல் இலையில் குந்தமாட்டார்.

அம்மாவுக்குச் சொன்னேன். "உந்தக் கூத்தைச் சின்னப்பிள்ளைக்கு ஏன் காட்டினனீ?" என்று என்னையே ஏசினார்.

"நான் காட்டினனானே? அம்மப்பா வந்திருக்கிறார் வடிவாப் பாரெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

"அது வேறை காகமடி."

"எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவரோடை முப்பத்தாறு வருசம் இருந்தனான்."

வடை எடுத்தது அவர், குஞ்சை எடுத்தது வேறொன்று. எவ்வளவு வசதியான கணக்கு! இப்படித்தான் நாங்கள் எல்லோரும் பிழைக்கிறோம் போலிருக்கிறது. எனக்கு மட்டும் அந்த வசதி வரவில்லை. நான் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தேன், அதே காகம்தான். அதன் இடக்கால் விரலொன்று மடிந்திருந்தது. இரண்டு நாளும் இலைக்குப் பக்கத்தில் அந்தக் காலைத்தான் பார்த்தேன்.

அந்த மூன்றும் போன மறுநாள் விடியமுன் நாலாவது குஞ்சும் போய்விட்டது. எப்படி என்று தெரியாது. இரண்டு முட்டையும் பொரிக்கவில்லை. ஒரு குஞ்சு தப்பியது. அது தானாக மூழ்கி இரை எடுக்கும்வரை, நான் தண்ணீரைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டே இருந்தேன். பிறகு சட்டத்தைக் கழற்றினோம், இஞ்சினைப் போட்டோம், போனோம்.

இதெல்லாம் பழங்கதையாக இருந்தால் நான் இதை எழுதமாட்டேன். இந்த வருடத் திவசத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அண்ணைக்குத் துடக்கு இல்லை, அவர் கிங்ஸ்பரியில் ஐயரை வைத்துச் செய்வார். ஆனால் காகத்துக்கு வைக்கிற சோறு என் படகுக் கூரையில்தான் வைக்கப்பட வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். "அவர் வழி கண்டு வந்த இடம் அது. இந்த முறை நானும் வாறன். என்ரை கண்ணாலை பாக்கவேணும்." வள்ளத்தில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று சொன்ன அம்மா, வைக்கிறேன் என்கிறார். அவருக்கு எழுபது வயது. ஒரு தடவை பார்க்க ஆசைப்படுகிறார். எந்த வாயால் வேண்டாம் என்பேன்?

நாங்கள் இப்போது போன வருடத்து இடத்துக்கு அருகில்தான் நிற்கிறோம். போன வாரத்திலிருந்து நாமக்கோழிச் சோடி ஒன்று பின்பக்கத்தில் சுள்ளி சேர்க்கிறது. அதே சோடியா, தெரியாது. முட்டை இன்னும் இல்லை. "இப்பவே இஞ்சினைப் போட்டுப் போயிடுவம், பிறகு போக ஏலாது," என்கிறார் கணவர். சரியான யோசனை. போனால் பாதிக் கூடு போகும், அம்மாவின் 'அவர் வந்த இடம்' போகும். போகாவிட்டால் முட்டை வரும், குஞ்சு வரும், அம்மா வருவார், இலை வரும். மூன்று நாளாக ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு முடிவெடுத்து ஒவ்வொரு மாலையும் மாற்றுகிறேன்.

நேற்றுப் பின்கதவுப் படியில் மகளின் சிவப்புக் காலுறை ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. போன வருடம் கோழி எடுத்ததன் சோடி. கூடு கட்ட எடுக்கட்டும் என்று அவள் வைத்தது. என்னைக் கண்டதும் கேட்டாள்:

"இந்த முறை அம்மப்பாவை வர வேண்டாமெண்டு சொல்லுவமா, அம்மா?"

வாசிக்கிறவர்களே, எனக்குத் தத்துவம் வேண்டாம். இயற்கை என்றும் சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. பல்கனியிலும் குப்பைத்தொட்டி மூடியிலும் கார்த் தரிப்பிடத்திலும் காகத்துக்குச் சோறு வைக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்தக் காகம் பிறகு என்ன செய்கிறது என்று பார்த்த பின்னும் வைக்கிறீர்களா? எழுபது வயதுத் தாயிடம் இதை எப்படிச் சொன்னீர்கள்? ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள்? யாராவது சொல்லியிருந்தால், சொன்ன சொற்களை அப்படியே எனக்கு எழுதுங்கள். முட்டை வருமுன் எழுதுங்கள்.